பேர் தெரியாத கடல் உயிரி போட்டோ ஆயிரக்கணக்குல கெடக்கு, எப்படி பதிவு பண்றது?

நீலநண்டு:
எல்லாருக்கும் வணக்கம். பத்து வருசமா கடல் வத்துற நேரத்துல பாறைப் பள்ளத்துல எல்லாம் எட்டிப் பாத்து போட்டோ எடுக்கறது எனக்கு பழக்கம், ஸ்நார்க்கலிங் கத்துக்கிட்டதுல இருந்து தண்ணிக்குள்ள எடுக்கற சின்ன கேமராவும் வச்சிருக்கேன். நண்டு, நட்சத்திர மீன், கடல் சாமந்தி, ஓடு இல்லாத கலர் கலரான கடல் நத்தை, கடல் அட்டை, என்னன்னே தெரியாத ஜந்துன்னு நாலாயிரம் படத்துக்கு மேல ஹார்ட் டிஸ்க்ல கெடக்கு. பாதிக்கு பேர் தெரியாது. நான் படிச்சது கணக்கு, உயிரியல் பத்தாவதோட விட்டாச்சு. எல்லாத்துக்கும் பேர் கண்டுபிடிச்சிட்டு ஐநேச்சுரலிஸ்ட்ல (யார் வேணா உயிரினப் படம் ஏத்தி பேர் கேக்கற இணையதளம், ஆப்பும் இருக்கு) ஏத்தலாம்னு நெனச்சு நெனச்சே மூணு வருசம் போயிடுச்சு. இத எப்படி ஆரம்பிக்கறது? நம்மள மாதிரி ஆளுங்க போடறத ஆராய்ச்சிக்கு உண்மையிலயே எடுத்துக்கறாங்களா?

பாசிப்பாறை:
பேருக்காக காத்திருக்காதீங்க, இன்னைக்கே ஏத்துங்க. பேர் எப்ப வேணா வரும், பத்து வருசம் கழிச்சு கூட ஒருத்தர் பாத்து சொல்லுவார், ஆனா எங்க எடுத்தது எந்த தேதில எடுத்ததுங்கறது இப்ப விட்டுட்டீங்கன்னா யாராலயும் சொல்ல முடியாது. "நண்டு"ன்னு மட்டும் போட்டா போதும், அதுவும் தெரியலன்னா "விலங்கு"ன்னு போடுங்க, அத தேடிப் பாக்கறதுக்குன்னே அங்க ஆளுங்க இருக்காங்க. படம், தேதி, எடம் மூணும் இருந்து, பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துக்கிட்டா அது ரிசர்ச் கிரேடு, அதாவது ஆராய்ச்சிக்கு ஏத்த தரம்னு ஆயிடும் (கொறஞ்சது ரெண்டு பேராவது சொல்லியிருக்கணும்). அங்கிருந்து ஜிபிஃப்னு உலக அளவுல இருக்கற தரவுக் களஞ்சியத்துக்கு போகும், ஆராய்ச்சிக்காரங்க அங்கதான் எடுக்கறாங்க. ஒரே ஒரு விசயம், லைசன்ஸ்ல "எல்லா உரிமையும் எனக்கே"ன்னு வச்சிட்டீங்கன்னா ஜிபிஃப்க்கு போகாது, இத கவனிக்காம வருசக்கணக்கா பதிவு போட்டவங்கள எனக்கு தெரியும்.

நுண்துகள்:
மேல சொன்னது சரி, ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. போட்டோ மட்டும் வச்சு எல்லாத்துக்கும் இனம் வரைக்கும் பேர் சொல்லிட முடியாது. கடல் பஞ்சுக்கு உள்ள இருக்கற முள்ளு மாதிரி துகள மைக்ரோஸ்கோப்ல பாக்கணும், கடல் அட்டைல நெறைய வகைக்கு தோல்ல இருக்கற சுண்ணத் துகள பாத்தாதான் உறுதியா சொல்லலாம். அதனால ஆப் காட்டற மொத பேர கண்ண மூடிட்டு அமுக்காதீங்க, பேரினம் (இனத்துக்கு ஒரு படி மேல இருக்கற வகை) வரைக்கும் நிறுத்தறதுல ஒரு குறையும் இல்ல, தப்பான பேர்தான் பெரிய தொந்தரவு. கடல் நத்தைன்னா தலைல இருக்கற கொம்பும், முதுகுல பூ மாதிரி விரிஞ்சிருக்கற செவுளும் தெரியற மாதிரி ரெண்டு மூணு கோணத்துல எடுங்க. நண்டுன்னா ஓட்டோட முன் விளிம்பு, கொடுக்கு. எதையும் கைல புடிக்க வேணாம், கல்ல பொரட்டினா திரும்ப அதே மாதிரி வச்சிடுங்க, அதுக்கு அடில குடியிருக்கறது வெயில்ல செத்துப் போயிடும்.

பழைய புக்ல இருக்கற பேர வோர்ம்ஸ்னு கடல் உயிரினப் பேருக்குன்னே இருக்கற உலகப் பட்டியல்ல ஒரு தடவை சரி பாருங்க. லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ்னு ஒரு சின்ன கரை நத்தை, அந்த ஒரே இனத்துக்கு காலப்போக்குல நூத்துக்கும் மேல பேர் வச்சிருக்காங்க!

அலைவரிசை:
ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறாங்களான்னு கேட்டீங்க. திமிங்கலச் சுறா ஒவ்வொண்ணுக்கும் உடம்புல இருக்கற புள்ளி அமைப்பு வேற வேற, வானியல்காரங்க நட்சத்திரப் படங்கள ஒப்பிட வச்சிருந்த அல்காரிதத்த மாத்தி 2005லயே இதுக்கு பயன்படுத்தினாங்க. நீங்க கணக்கு படிச்சவர், உங்களுக்கு பிடிக்கும். டைவர்கள் சாதாரணமா எடுத்த படத்த வச்சே அதே சுறா திரும்ப வந்துச்சான்னு கண்டுபிடிக்கறாங்க.

இன்னொண்ணு, அபூர்வமானத மட்டும் போடாதீங்க. வட அமெரிக்காவோட பசிபிக் கரைல சூரியகாந்தி நட்சத்திர மீன்னு ஒண்ணு, இருபத்திநாலு கை வரைக்கும் இருக்கும், சில எடத்துல சும்மா திரும்பற பக்கம் எல்லாம் கெடந்தது. 2013ல இருந்து நோய் வந்து கரைஞ்சு செத்துச்சு, 2020ல ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) அத மிக ஆபத்தான நிலைல இருக்கற இனம்னு அறிவிச்சிட்டாங்க. எவ்வளவு கொறஞ்சதுன்னு கணக்கு போட்டப்ப, பொழுதுபோக்குக்கு முங்கினவங்க எழுதி வச்ச எண்ணிக்கையும் அதுல இருந்தது. இதுதான் எங்க பாத்தாலும் கெடக்கேன்னு அவங்க எழுதாம விட்டிருந்தா? எனக்கு இத நெனச்சாலே மனசு என்னமோ பண்ணும்.

நீலநண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து பிரிச்சேன். போன்ல எடுத்ததுல தேதி, எடம் எல்லாம் இருக்கு. நண்பர் வாட்ஸ்அப்ல அனுப்பினது ஒரு முன்னூறு, அதுல ஒண்ணுமே இல்ல. தண்ணிக்குள்ள எடுத்த கேமராவுல கடிகாரமே தப்பா ஓடியிருக்கு, எடமும் பதிவாகல. அது வீணா?

பாசிப்பாறை:
வாட்ஸ்அப்ல அனுப்பும்போது அந்த விவரம் போயிடும், நண்பர்கிட்ட மூலப் படத்த கேளுங்க. கேமரா படம் வீணில்ல. அதே நாள் போன்ல எடுத்த ஒரு படத்தோட ஒப்பிட்டு எவ்வளவு நேரம் தப்புன்னு பாத்து மொத்தமா நகத்திடலாம், இலவச சாஃப்ட்வேர் இருக்கு. தண்ணிக்குள்ள ஜிபிஎஸ் எடுக்காது, அதனால இனிமே எறங்கறதுக்கு முன்னாடி கரைல நின்னு போன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க. பழசுக்கு மேப்ல நீங்களே புள்ளி வச்சு சுத்தி வட்டத்த பெருசா போடுங்க, சந்தேகம் இருக்குன்னு பாக்கறவங்களுக்கு தெரியும்.

நீலநண்டு:
கேமரா சரியா ஆறு மணி நேரம் பின்னாடி ஓடியிருக்கு, திருத்திட்டேன். மொதல்ல நாப்பது படம் ஏத்தியிருக்கேன். அதுல "நண்டு"ன்னு மட்டும் போட்ட ஒண்ணுக்கு ரெண்டு பேர் வேற வேற பேர் சொல்லி பேசிட்டு இருக்காங்க, கொடுக்கோட உள்பக்கம் தெரியற படம் இருக்கான்னு என்கிட்ட கேட்டிருக்காங்க, 2017 ஃபோல்டர்ல தேடிட்டு இருக்கேன்.