விண்டோஸை அப்படியே புது டிஸ்க்குக்கு மாத்தினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஹட்டன் டைப்பிங் கடை:

முதல்ல என் கதை. ஹட்டன் டவுன்ல டைப்பிங், போட்டோகொப்பி கடை வச்சிருக்கேன். கடையில ஓடுறது விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். சிரிக்காதீங்க. அதுல பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7 இருக்கு, ஆங்கில எழுத்து இடத்துல தமிழ் எழுத்தைக் காட்டுற பாமினி வகையறா எழுத்துரு ஒரு கூடை இருக்கு, பத்து வருசமா பள்ளிக்கூடங்களுக்கு அடிச்ச வினாத்தாள் எல்லாம் அதுக்குள்ளதான். பாமினி இல்லாத மெஷின்ல அந்த ஃபைலைத் திறந்தா, 'தமிழ்'ங்கிற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் கடைசியில ஒரு அரைப்புள்ளியுமா நிக்கும். "புதுசா விண்டோஸ் போடுங்கண்ணே, அரை மணித்தியால வேலை"ன்னு சொல்ற தம்பிமாருக்கு இது விளங்காது. எனக்கு வேணும்னது, தேயிலைக் கன்றை வேர்மண்ணோட எடுத்து நடுற மாதிரி ஒரு வேலை.

பழசு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். புதுசு 240 ஜிபி எஸ்எஸ்டி. தங்கச்சி வீட்டுக்காரர் கொழும்பு யூனிட்டி பிளாசாவுல வாங்கி, உடரட்ட மெனிகேயில கொண்டாந்து தந்தாரு. உள்ள இருக்கிற சாமான் மொத்தமே 90 ஜிபிதான், தாராளமா கொள்ளும்னு நினைச்சேன். அங்கதான் முதல் முட்டுக்கட்டை. விண்டோஸ் கணக்குல 500ன்னா 465, 240ன்னா 223. சி டிரைவைச் சுருக்கப் போனா, பாதிக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. நடுவுல நகராத ஃபைல்கள் உக்காந்திருக்கும். அந்த ஃபைல்களை உண்டாக்கிற பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரெஸ்டோர் மூணையும் நிறுத்தி, ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணின பிறகுதான் 200க்கு வந்துச்சு.

டிஸ்க்கை அச்சு அசலா கொப்பி எடுக்கிற, அதாவது குளோன் பண்ற, குளோன்சில்லாவைப் பென் டிரைவ்ல போட்டு ஆரம்பிச்சேன். புதுசு சின்னதுன்னு அது முரண்டு பிடிச்சது. எக்ஸ்பர்ட் முறைக்குள்ள போயி, அளவு பார்க்காம விடுன்னு சொல்ற 'ஐசிடிஎஸ்' தேர்வைப் போடணும். முக்கால்வாசி போகையில ஏப்ரல் மாசத்துப் பின்னேர இடி, கரண்ட் போச்சு. ஒண்ணும் கெட்டுப் போகல. குளோன் பண்ணும்போது பழசுல இருந்து வாசிக்கிறது மட்டும்தான், எழுதுறது புதுசுல. ராத்திரி திரும்ப முதல்ல இருந்து ஓடவிட்டேன்.

காலையில மெஷினைப் போட்டா ஜம்முன்னு வந்துச்சு. "பாத்தீங்களா சேர், என்னா ஸ்பீடு"ன்னு ஒரு வாத்தியார்கிட்ட பெருமையும் பேசிட்டேன். ரெண்டு நாள் அதுலயே வேலை. மூணாம் நாள், மிச்ச இடத்தையும் சி டிரைவோட சேர்க்கலாம்னு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தா, அங்க நிக்கிறது 465 ஜிபி! எஸ்எஸ்டி பக்கத்துல 'ஆஃப்லைன்'. ரெண்டு நாளும் பழசுலதான் ஓடியிருக்கேன். அந்த ஸ்பீடு எல்லாம் என் மனசுல.

நடந்தது இதுதான். ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணா மாட்டி வச்சிருந்தேன், எந்த டிஸ்க்ல இருந்து முதல்ல எழும்பணும்னு சொல்ற பயாஸ் வரிசையில பழசுதான் முன்னுக்கு. குளோன் பண்ணினா டிஸ்க்கோட கையொப்ப இலக்கமும் அச்சு அசலா வரும். ஒரே கையொப்பத்தோட ரெண்டு பேரைக் கண்டா, விண்டோஸ் ஒருத்தரை வெளியில நிக்க வச்சிடும். நானோ ஆஃப்லைனா இருக்கேன்னு ரைட் கிளிக் பண்ணி 'ஆன்லைன்' கொடுத்தேன். அதுதான் பெரிய பிழை. கொடுத்த கையோட எஸ்எஸ்டிக்குப் புதுக் கையொப்பம் எழுதிடுச்சு. அதுக்குள்ள இருக்கிற பூட் பதிவு பழைய இலக்கத்தைத்தான் தேடும். பழசைக் கழட்டிப் பார்த்தா, கறுப்புத் திரையில, விண்டோஸை எழுப்புற விண்லோட் ஃபைலைக் காணோம்னு அழுகை. விண்டோஸ் 7 டிவிடியில இருந்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் ரெண்டு தடவை ஓடவிட்டு எழுப்பினேன். இடையில அடிச்ச ரெண்டு வினாத்தாளைப் பழசுல இருந்து பென் டிரைவ்ல எடுத்துப் போட்டேன்.

இப்போ உண்மையாவே ஸ்பீடு. அந்த வாத்தியார்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல.

பண்டாரவளை:

பழசைக் கழட்டிட்டுத்தான் முதல் பூட் பண்ணணும். என்னோடது விண்டோஸ் 10 லேப்டொப், பயாஸுக்குப் பதிலா வந்த யூஇஎஃப்ஐ. சி டிரைவை மட்டும் கொப்பி பண்ணிட்டு ஏன் பூட் ஆகலன்னு ஒரு நாள் மண்டையை உடைச்சேன். முன்னுக்கு 100 எம்பியில, பூட் ஃபைல் இருக்கிற ஒரு ஈஎஃப்ஐ பகுதி, எழுத்துப் பேரே இல்லாம ஒளிஞ்சிருக்கும், அது வராம ஒண்ணும் வராது. இன்னொண்ணு, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தா முதல்ல அதை நிறுத்தி, ரிக்கவரி கீயை ஒரு தாள்ல எழுதி வச்சுக்கங்க. அதே லேப்டொப்ல வச்சுக்கிறதுல பிரயோசனம் இல்ல.

பொகவந்தலாவை, தோட்டத்து ஒபிஸ்:

அண்ணே, உங்க டிஸ்க் நல்லா இருந்துச்சு, அதனால சிரிச்சுக்கிட்டு எழுதுறீங்க. எங்களோடது சாகக் கிடந்தது. செக்ரோல் ஓடுற மெஷின். பேர் போட்டு, கொழுந்து கிலோ போட்டு, சம்பளம் அடிக்கிறது எல்லாம் அதுலதான். அந்த சொஃப்ட்வெயார் செஞ்சு கொடுத்தவரு இப்ப நாட்டுல இல்ல, இன்ஸ்டோல் பண்ற சிடியும் இல்ல. சம்பளத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது டிஸ்க் டிக் டிக்குனு அடிக்க ஆரம்பிச்சது. டிஸ்க்கோட உடம்பு நிலையைக் காட்டுற க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன், சி5 வரிசையில, வாசிக்க முடியாம காத்துக்கிட்டிருக்கிற செக்டர், அதாவது டிஸ்க்கோட சின்னத் துண்டு, நூத்துச் சொச்சம்.

பெரிய கிளாக்கர் ஐயா "செக்டிஸ்க் ஓடவிடு"ன்னாரு. அது டிஸ்க்ல பிழை தேடித் திருத்துற விண்டோஸ் கருவி. கும்பிட்டு வேணாம்னு சொன்னேன். சாகிற டிஸ்க்ல அது எழுதவும் செய்யும், தேய்க்கவும் செய்யும். இன்னொருத்தர் பொலித்தீன்ல சுத்தி ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னாரு. இந்த மிஸ்டுல வெளியில எடுத்த நிமிசமே வேர்த்துக் கொட்டும், அப்புறம் அதோட கதை முடிஞ்சது.

நான் செஞ்சது: மெஷினை ஓஃப் பண்ணிட்டு, லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி, கெட்டுப் போற டிஸ்க்கைக் கொப்பி எடுக்கிற டிடிரெஸ்க்யூவை ஓடவிட்டேன். அது கெட்டிக்காரத்தனமா முதல்ல நல்ல இடத்தை எல்லாம் அள்ளிக்கும், முரண்டு பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போயிடும், கடைசியிலதான் திரும்பி வந்து சுரண்டும். எது எடுத்தாச்சு, எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும். அதை வேற ஒரு பென் டிரைவ்ல வைங்க. எங்களுக்கு ரெண்டு தடவை கரண்ட் போச்சு, ரெண்டு தடவையும் விட்ட இடத்துல இருந்தே தொடர்ந்தது. புது டிஸ்க் பழசுக்குச் சமமாவோ பெரிசாவோ இருக்கணும். பழசு முதல்ல, புதுசு ரெண்டாவது. கட்டளையில மாத்தி எழுதிட்டீங்கன்னா வெத்து டிஸ்க்கை உயிரோட இருக்கிறது மேல கொட்டிடும். நான் ரெண்டோட சீரியல் இலக்கத்தையும் தாள்ல எழுதி, பக்கத்துல ஒரு ஆளை வாசிக்கச் சொல்லிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

ஒரு ராத்திரி, அடுத்த நாள் பகல் பாதி. கடைசியில எடுக்க முடியாம போனது சில கிலோபைட்தான். செக்டிஸ்க்கை அதுக்கப்புறம் புது டிஸ்க்ல ஓடவிட்டேன். செக்ரோல் லைசன்ஸ் கேட்கும்னு பயந்தேன், கேக்கல. அது பார்க்கிறது வால்யூம் இலக்கத்தை, அது கொப்பியில அப்படியே வந்திருக்கு. பத்தாம் திகதி சம்பளம் போச்சு. துரைக்கு இன்னும் டிஸ்க் மாத்தினது தெரியாது, பில்லு மட்டும் தெரியும்.

பேராதனை கம்பஸ்:

லினக்ஸ்காரங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. புது டிஸ்க்ல பகுதி பிரிச்சு, ஆர்சிங்க்ங்கிற கட்டளையில எல்லாத்தையும் கொப்பி பண்ணி, எந்தப் பகுதியை எங்க மாட்டணும்னு எழுதியிருக்கிற எஃப்எஸ்டேப் ஃபைல்ல யூயூஐடிங்கிற பகுதி அடையாள இலக்கத்தைப் புதுசுக்கு மாத்தி, பூட் பண்ணி வைக்கிற க்ரப்பைத் திரும்பப் போட்டா சரி. டிடிங்கிற கட்டளையில அச்சு அசலா எடுத்தா யூயூஐடியும் அதே வரும். பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் வச்சிருக்கிறவங்க அந்த ரெண்டையும் ஒரே நேரத்துல மாட்டவே வேணாம், கொப்பியையும் அசலையும் அது குழப்பிக்கும்.

அண்ணே, உங்க பழைய 500 ஜிபியை என்ன செஞ்சீங்க? எனக்குப் படம் போட்டு வைக்க ஒண்ணு வேணும்.

ஹட்டன் டைப்பிங் கடை:

தம்பி, அது இன்னும் அலுமாரியில, பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கு. மேல 'அழிக்காதே'ன்னு எழுதி ஒட்டியிருக்கேன், பாமினியிலதான். தவணைப் பரீட்சை முடியட்டும், பேசலாம்.