கைவிடப்பட்ட விளையாட்டுகளைப் பூட்டி வைக்கும் உரிமை நிறுவனங்களுக்கு உண்டா?

தென்கரை எழுதியது:

சைலன்ட் ஹில்ஸ் என்ற திகில் வீடியோ விளையாட்டைக் கோனாமி நிறுவனம் 2015 ஏப்ரலில் கைவிட்டது. விளையாட்டு வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து உருவாக்கிவந்த அந்த விளையாட்டு நின்றுபோனதோடு விஷயம் முடிந்திருந்தால், வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். ஆனால் 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு இலவசமாக வெளியான அதன் விளையாடிப் பார்க்கும் முன்னோட்டமான பி.டி.யும் (பிளேயபிள் டீசர்) இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே பதிவிறக்கியிருந்தவர்களும், ஒருமுறை அழித்துவிட்டால் அதை மறுபடி பெற வழியில்லாமல் போயிற்று.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பி.டி.யில் இருப்பது ‘எல்’ வடிவத்தில் திரும்பும் ஒரே ஒரு நடைகூடம்தான். கோடியில் உள்ள கதவைத் திறந்து இறங்கினால் அதே நடைகூடத்தின் தொடக்கத்தில் வந்து நிற்போம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். 2019இல் ஒரு மாடர் (விளையாட்டின் நிரலை மாற்றிப் பார்ப்பவர்) இதன் கேமராவை ஆட்டக்காரரிடமிருந்து பிரித்துப் பார்த்தபோது, டார்ச் விளக்கைக் கையில் எடுத்த கணத்திலிருந்து லிசா என்ற அந்த ஆவி நம் முதுகோடு ஒட்டியே வருவது தெரியவந்தது. அச்சத்தை எப்படிக் கட்டமைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தத் துறையில் எனக்குத் தெரியவில்லை. யாரோ சிலர் தங்கள் கருவியில் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பாடம் நமக்குக் கிடைத்தது. ஒரு விளையாட்டைக் கைவிடுவது நிறுவனத்தின் உரிமை என்பதை ஏற்கிறேன். செய்து முடித்த வேலையை யாரும் காணாதபடி பூட்டி வைப்பதும் அதே உரிமைக்குள் அடங்கும் என்பதை ஏற்க மாட்டேன்.

மஞ்சணத்தி எழுதியது:

தென்கரை அவர்களே, பி.டி. விஷயத்தில் உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அது முழுமையாகச் செய்து முடித்து, மக்கள் கைக்கும் வந்துவிட்ட ஒன்று; அதை வைத்துக்கொண்டு, வெளியே வராத எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவிதி வகுக்க முடியாது.

ப்ளிஸார்ட் நிறுவனத்தின் டைட்டன் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகள் உழைத்த பிறகு, அதில் விளையாடும் இன்பம் கைகூடவில்லை என்று சொல்லி, 2014 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டதாக அந்நிறுவனத்தின் தலைவர் மைக் மோர்ஹைம் அறிவித்தார். அதே குழுவில் எஞ்சியவர்கள் அந்த இடிபாட்டிலிருந்து எடுத்துக் கட்டியதுதான் 2016இல் வெளியான ஓவர்வாட்ச் விளையாட்டு. டைட்டனில் ‘ஜம்பர்’ என்ற பாத்திர வகையாக இருந்தது இதில் டிரேசர் என்ற பாத்திரமாயிற்று. தேறாததைத் தேறாதது என்று ஒப்புக்கொண்டு ஒதுக்கிவைக்கும் சுதந்திரம் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. அரைகுறையாக நிற்கும் ஒவ்வொன்றும் ஒருநாள் பொதுவெளிக்கு வரும் என்றால், தோற்றுப்போகும் துணிச்சலோடு எவரும் எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள்.

மைக்ரோசாப்டுக்காக பிளாட்டினம் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிவந்த ஸ்கேல்பவுண்ட் விளையாட்டையும் பாருங்கள். 2017 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதை நிறுத்தியதும் பழி முழுவதையும் ரசிகர்கள் மைக்ரோசாப்டின் மீதே சுமத்தினார்கள். ஆனால் தங்களுக்குப் பழக்கமில்லாத இணையவழி ஆட்டத்தில் இறங்கித் தடுமாறியதை அதன் இயக்குநர் ஹிடேகி காமியாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு முன்னோட்டக் காணொளியின் அழகுதான் தெரியும், உள்ளே என்ன ஓடவில்லை என்பது தெரியாது.

தென்கரை எழுதியது:

எல்லாமே தேறாததால் நிறுத்தப்பட்டவை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள், மஞ்சணத்தி. ஸ்டார் ஃபாக்ஸ் 2 அப்படியா நிறுத்தப்பட்டது?

சூப்பர் நின்டென்டோ கருவிக்காக 1995இல் ஏறத்தாழ முழுமையாகவே முடிந்துவிட்ட விளையாட்டு அது. அடுத்த கருவியான நின்டென்டோ 64 வரப்போகிறது, முப்பரிமாண விளையாட்டுகள் அதிலிருந்து புதிதாகத் தொடங்கட்டும் என்ற வணிகக் கணக்கில் அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். விளையாட்டில் குறை என்று எதுவும் சொல்லப்படவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்பதைப் பாருங்கள்: நீங்கள் ஒரு விண்கலத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே வரைபடத்தில் மற்ற எதிரிகள் நகர்ந்துகொண்டிருப்பார்கள், ஏவுகணைகள் கார்னீரியா கோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், அந்தக் கோளின் சேதம் நூறு விழுக்காட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். எதை முதலில் தடுப்பது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுத்தாக வேண்டும். 16 பிட் கருவியில் இதைச் செய்துகாட்டிய இளம் நிரலாளர்களின் உழைப்பு 22 ஆண்டுகள் இருட்டில் கிடந்து, 2017 செப்டம்பரில் சூப்பர் நின்டென்டோவின் சிறு வடிவக் கருவியோடு சேர்ந்துதான் முறையாக வெளிவந்தது. அதனால் நின்டென்டோவுக்கு என்ன கெட்டுவிட்டது? யாருடைய பெயருக்குக் களங்கம் வந்தது?

செங்காந்தள் எழுதியது:

நீங்கள் இருவரும் நிறுவனத்தின் உரிமையையும் ரசிகரின் உரிமையையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்தத் துறையில் அனிமேஷன் வேலை பார்ப்பவள் என்பதால், நடுவில் விடுபட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு ஸ்டூடியோவில், காயம்பட்ட யானை ஒன்று முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நடந்துவந்து துதிக்கையால் வாயிற்கதவைத் தள்ளித் திறக்கும் அசைவை மாதக்கணக்கில் செய்தேன். உடல் எடை மூன்று கால்களுக்கு மாறும்போது தோள் எப்படித் தாழ வேண்டும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன். அந்த விளையாட்டு நிறுத்தப்பட்டது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருப்பதால், வேலை தேடிப்போன இடங்களில் அதை யாரிடமும் காட்ட முடியவில்லை. வெளியாகாத விளையாட்டுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது என்பதால், அந்தக் காலம் முழுவதும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்குச் சான்றும் இல்லை. டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கிய சில மாதங்களில், 2013 ஏப்ரலில், அதன் விளையாட்டுப் பிரிவான லூகாஸ்ஆர்ட்ஸின் உருவாக்கப் பணிகள் மூடப்பட்டு ஸ்டார் வார்ஸ் 1313 என்ற விளையாட்டு நின்றபோது எல்லோரும் அந்த விளையாட்டுக்காக வருந்தினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட கலைஞர்கள்தான்.

மஞ்சணத்தி எழுதியது:

செங்காந்தள் சொல்வதோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. உருவாக்கியவர்கள் தங்கள் பங்கைத் தங்கள் பெயரில் காட்டிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே இடம் இருக்க வேண்டும். ஆனால் அது வேறு, முழுக் கோப்பையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது வேறு. ஒரு விளையாட்டுக்குள் நடிகரின் முகத்தோற்றம், பிறரிடம் உரிமம் பெற்ற மென்பொருள், இசை எல்லாம் இருக்கும். வெளியிடுவதற்கான உரிமையைத் தனியே வாங்காமல் நிறுவனமே விரும்பினாலும் கொடுக்க முடியாது.

கசிந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். ப்ளிஸார்டின் ஸ்டார்கிராஃப்ட் கோஸ்ட் என்ற விளையாட்டு 2006இல் காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் கருவிக்கான அதன் வடிவம் ஒன்று 2020இல் கசிந்தது. ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த அந்தத் துண்டுகளைப் பார்த்து, இதற்கா இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்று கேட்டவர்கள் உண்டு. அதை உருவாக்கியவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்? ஆவணக் காப்பகத்தில் வைத்து ஆய்வாளர்களுக்குக் காட்டட்டும், அதுவரை நானும் வருகிறேன்.

தென்கரை எழுதியது:

காப்பகம் வரை வந்ததற்கு நன்றி. ஆனால் காப்காம் நிறுவனத்தின் மெகா மேன் லெஜன்ட்ஸ் 3 விளையாட்டை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? அதன் உருவாக்கத்தில் ரசிகர்களையே சேர்த்துக்கொண்டார்கள். நாயகியின் தோற்றத்தை ரசிகர்களின் வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுத்தார்கள். நின்டென்டோ 3டிஎஸ் கருவிக்குத் தனி முன்மாதிரிப் பதிப்பு வரும் என்றும் அறிவித்தார்கள். 2011 ஜூலையில் அனைத்தையும் நிறுத்தினார்கள், அந்த முன்மாதிரியும் இன்றுவரை வெளிவரவில்லை. அங்கே உருவாக்கியவர்களின் கூச்சத்தைக் காரணம் காட்ட முடியாது, ஏனென்றால் உருவாக்கத்தை ஊரறிய நடத்தியவர்களே அவர்கள்தான்.

மஞ்சணத்தி எழுதியது:

அந்த ஒன்றில் உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வெளியிடுவதாக வாக்குக் கொடுத்த முன்மாதிரியை மட்டுமாவது காப்காம் தந்திருக்க வேண்டும். வாக்குக் கொடுக்காதவற்றைப் பற்றிய என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை.