பலகையில் சங்கத்தின் பெயர்: திருவிழா நிதி மடலுக்கு மறுமொழி

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருவிழா நிதியாக ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டுச் செயலாளர் அண்ணன் அனுப்பிய மடலையும், மஸ்கட்டிலிருந்து பொருளாளர் எழுப்பிய கேள்விகளையும், வாத்தியார் வீட்டுப் பெரியப்பாவின் நீண்ட பதிலையும் படித்தேன். ஊருக்குப் போன என் தங்கை மகன் பேருந்து நிறுத்தத்தில் எடுத்த படத்தைக் குழுவில் போட்டவள் நான் என்பதால், பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. துப்பாக்கியுடன் வீரப்பன் நிற்கும் ஆளுயரப் பலகை அது. அடியில் "அன்பளிப்பு: வெளிநாடு வாழ் ஊர்ச் சங்கம்" என்று நம் பெயர் இருக்கிறது. அதற்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதப்பட்டது என்பது பொருளாளரின் கவலை. நம் பக்கத்து மலையை நாடறியச் செய்தவனுக்கு ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பது பெரியப்பாவின் கேள்வி.

பெரியப்பா, குறைந்துவிடுகிறது. வீரப்பன் பிறந்த கோபிநத்தத்தில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொடுத்தவர் வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ். சரணடைவது பற்றிப் பேசலாம் என்று நம்பவைத்து வரவழைத்து, 1991 நவம்பரில் வீரப்பனும் அவன் ஆட்களும் அவர் தலையைத் துண்டித்தார்கள். அந்த ஊர் மக்கள் சாமி படங்களோடு வைத்துக் கும்பிடுவது சீனிவாஸின் படத்தை. பெற்றெடுத்த ஊரே செத்தவருக்கு மாலை போடும்போது, கொன்றவருக்கு நாம் கடல் கடந்து பணம் அனுப்பிப் பலகை வைக்கிறோம்.

மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசைதோறும் நாம் போய்வந்த வழியில் இருக்கிறது பாலாறு. 1993 ஏப்ரல் 9 அன்று அதன் அருகே வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் இறந்த 22 பேரில் எல்லோரும் போலீசார் அல்லர். காட்டில் வழிகாட்டவும் ஆளை அடையாளம் காட்டவும் அழைத்துச் செல்லப்பட்ட ஏழைக் கிராமத்தாரும் வனக் காவலர்களும் அதில் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ராமாபுரம் காவல் நிலையத்தில் ஐந்து போலீசார் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும். உளவு சொன்னதாகச் சந்தேகப்பட்டுக் கொல்லப்பட்ட ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கும் விறகு பொறுக்கியவர்களுக்கும் பத்திரிகையில் பெயர்கூட வந்ததில்லை. ஏழைகளுக்காகத் துப்பாக்கி தூக்கியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துப்பாக்கிக்கு அருகில் இருந்தவர்கள்தாம் முதலில் செத்தார்கள்.

வீரப்பனைப் பிடிக்கத் தமிழ்நாடும் கர்நாடகமும் அமைத்த அதிரடிப்படையைப் பற்றி நீங்கள் எழுதியதில் எதையும் நான் மறுக்கவில்லை. மாதேஸ்வரன் மலையில் "ஒர்க்‌ஷாப்" என்று மக்கள் அஞ்சிய முகாமும் அங்கே ஆண் பெண் பாராமல் மின்சாரம் பாய்ச்சியதும், தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் சாட்சியமாகப் பதிவாகியுள்ளன. நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை 2001-இல் நீதிமன்றமே விடுதலை செய்தது. அதற்கு முன் 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டபோது, அவரை மீட்பதற்காக இந்தக் கைதிகளை விடுவிக்க அரசுகள் இணங்கின. உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுத்தவர், கொல்லப்பட்ட ஷகீல் அகமதுவின் தந்தை. மகனைப் பறிகொடுத்தவருக்கும் நியாயம் இருந்தது, குற்றம் நிரூபிக்கப்படாமலே சிறையில் இருந்தவர்களுக்கும் நியாயம் இருந்தது. இதையெல்லாம் அறிந்த நம் ஊரில், ஒரே ஒரு முகத்தை அச்சடித்து நிறுத்துவது சோம்பேறித்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பயந்து ஓடாத ஊர் நம் ஊர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாலாற்றில் கண்ணிவெடி வெடித்த ஆண்டு சித்திரை முடிவதற்குள் திருப்பூருக்குக் கிளம்பிய முதல் லாரி யாருடைய வாசலில் நின்றது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதோடு விடுகிறேன்.

பொருளாளர் அண்ணாவுக்கு ஒரு கணக்கு. இரண்டு மாநிலப் படைகளும் எல்லைப் பாதுகாப்புப் படையும் ஆண்டுக்கணக்கில் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் அகப்படாத வீரப்பன், 2004 அக்டோபர் 18 இரவு கண் சிகிச்சைக்காகக் காட்டைவிட்டு வெளியே வந்து, பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸில் சுட்டுக்கொல்லப்பட்டபோது, தமிழ்நாட்டு அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாயும் வீட்டுமனையும் பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட மலைமக்களுக்கென இரு மாநிலங்களும் ஒதுக்கியது மொத்தம் 10 கோடி. 2007-இல் மனித உரிமை ஆணையத்தின் உத்தரவுப்படி 89 பேருக்குக் கிடைத்தது 2.80 கோடி. கேட்பதானால் மீதி 7.20 கோடிக்குக் கணக்குக் கேட்கலாம். அதைக் கேட்டு மனுப் போடும் மூதாட்டிகளுக்குக் காவலில் இருந்ததைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பஸ் கட்டணமும் வக்கீல் செலவும்தான் கையைக் கடிக்கின்றன. கொல்லப்பட்ட வழிகாட்டிகளின் வீடுகளும் அப்படித்தான் இருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள்: பலகையை இந்த வாரமே இறக்கச் செய்யுங்கள். அம்மன் பூசைக்கு என் பங்கை அனுப்புகிறேன். வாணவேடிக்கைக்கும் பலகைக்கும் ஒதுக்கிய தொகையை, இரண்டு தரப்பிலும் ஆளை இழந்த குடும்பங்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கவும் மனுச் செலவுக்கும் ஒதுக்கினால் இன்னும் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறேன். எழுதும் வேலைக்குக் கொளத்தூர் அக்கா மகள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
கிணற்றடி வீட்டுச் சின்னவள், மெல்போர்ன்

—

மறுமொழி: பொருளாளர், மஸ்கட்

தங்கையின் மடல் கிடைத்தது. பலகைக்குச் சங்கக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. ஆகவே நம் பெயரை அச்சடிக்கச் சொன்னவர் யார் என்பதைச் செயலாளர் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மனுச் செலவுக்கு நிதி ஒதுக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொதுக்குழுத் தீர்மானமும், ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் டிக்கெட்டும், வக்கீல் கையொப்பமிட்ட ரசீதும் வேண்டும். பலகை இறங்கியதற்கான படம் வரும்வரை திருவிழா நிதியும் என்னிடமிருந்து நகராது. பெரியப்பாவுக்கு: தாங்கள் மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கிறீர்கள், விதிப்படி இந்தத் தீர்மானத்தில் தங்களுக்கு வாக்கு இல்லை.