மலை இறக்கத்தில் பிரேக் பெடல் ஆழமாக இறங்கியது: பேடை மாற்றுவதா, பிரேக் ஆயிலை மாற்றுவதா?

காவிரிக்கரை (நாமக்கல்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 2016-இல் தயாரான பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் ஒன்று இருக்கிறது. முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ளன, ஏ.பி.எஸ். கிடையாது. சென்ற வாரம் பெரியவர்கள் நால்வரும் மூட்டை முடிச்சுகளுமாகக் கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கினோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலும் மூன்றாவது கியரிலேயே வந்தேன். அடிவாரத்தை நெருங்கும் வளைவுகளில் சக்கரப் பக்கமிருந்து கருகல் வாடை வந்தது. அதன் பிறகு பெடல் வழக்கத்தைவிட மிக ஆழமாக இறங்கத் தொடங்கியது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால்தான் வண்டி பிடித்தது. எப்படியோ சமாளித்து ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆற விட்டுப் பார்த்தபோது பெடல் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

மறுநாள் வீட்டருகே உள்ள பணிமனையில் காட்டினேன். பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் தகடு) தேய்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். அத்துடன், எண் கூடினால் தரமும் கூடும் என்பதால் டாட் 5 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் வகைக் குறியீடு) ஊற்றிக்கொள்ளுமாறும் சொன்னார்கள். ஆனால் வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று அச்சிடப்பட்டுள்ளது. உதிரிபாகக் கடையிலோ ஒரே வண்டிக்கு இரண்டு விதப் பேடுகளை எடுத்து வைத்தார்கள். ஒன்றின் விலை மற்றொன்றில் பாதிகூட இல்லை. நான் இந்த வண்டியை வாங்கிய இரண்டாவது உரிமையாளர். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு என்னிடம் இல்லை. வண்டியில் என் தாயாரும் குழந்தைகளும் பயணம் செய்கிறார்கள் என்பதால், உண்மையான காரணம் தெரியாமல் எதையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஸ்பேனர் (ஈரோடு) பதில்:

வணக்கம் அம்மா. நீங்கள் விவரித்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறிய வண்டியில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் தோன்றலாம். அவற்றைக் காலே பிரித்துச் சொல்லிவிடும். பேடின் உராய்வுப் பொருள் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு குறையும், ஆனால் பெடல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அடுத்தடுத்து மிதித்தால் ஓரளவு மேலே வரும். உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும் டப்பா மூடியின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே சேரும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அதற்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. மலை இறக்கத்தில், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரிலுள்ள பழைய ஆயில் இந்தச் சூட்டைத் தொட்டுவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அழுத்தத்திற்கு மசியாது, ஆவி மசியும். அதனால் உங்கள் கால் கொடுக்கும் விசை, வாயை அடைத்த சைக்கிள் பம்பை அழுத்துவதுபோல, குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிச் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடல் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பிவிடும். இந்தத் திரும்புதலை நம்பிப் பலர் ஆயிலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பழைய ஆயிலை முழுவதுமாக வெளியேற்றி, முத்திரை உடையாத புதிய பாட்டிலிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுப்பது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. டப்பாவில் குறைந்த அளவுக்கு மட்டும் மேலே ஊற்றுவது இதற்கு ஈடாகாது. காலிப்பரில் தேங்கியிருக்கும் பழைய ஆயில் அங்கேயே இருக்கும். பேட் தேய்ந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னதும் பொருத்தமானதே, ஏனெனில் பேட் மெலிந்தால் சூடு இன்னும் எளிதாகப் பிஸ்டனுக்கும் அதன் பின்னாலுள்ள ஆயிலுக்கும் கடக்கும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பெடலை நடுத்தர அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்தபடி வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷரோ வேறெங்கேனும் உள்ள கசிவோ காரணமாக இருக்கும். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் பணிமனைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

மலைப்பாதை (வால்பாறை) பதில்:

ஸ்பேனர் அவர்கள் கூறியதை வழிமொழிகிறேன். பின் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருந்தாலும் பெடல் ஆழமாக இறங்கும் என்று யாரேனும் சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆனால் அந்தக் கோளாறு சூடு ஆறிய பின்னும் இருக்கும். உங்கள் பெடல் ஆறியதும் சரியாகிவிட்டதால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

இறக்கத்தில் கியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பேரும் பாரமும் உள்ள வண்டிக்குக் கொல்லிமலை இறக்கத்தில் மூன்றாவது கியர் போதாது. இரண்டாவது கியர், மிகச் சரிவான வளைவுகளில் முதல் கியர் என்று வந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையின் பெரும்பகுதியை இன்ஜினே செய்யும். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பேடும் டிஸ்க்கும் ஆறுவதற்கு அந்த இடைவெளி தேவை. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோரை இன்றும் காண்கிறேன். இன்ஜெக்‌ஷன் இன்ஜின் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் செல்வதைத் தானே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓட வைக்கப் பெட்ரோல் செலவாகிறது.

உதிரிபாகக்கடை (கோவை) பதில்:

டாட் 5 ஊற்றச் சொன்னதைப் படித்ததும் பதறிப்போனேன், தயவுசெய்து ஊற்றாதீர்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்காது, நீரையும் தன்னுள் ஏற்காது. உள்ளே புகும் நீர் தனியாகத் தாழ்ந்த இடத்தில் தேங்கி 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே இந்த எண்களைத் தர வரிசையாகக் கொள்ளக் கூடாது. உங்கள் மூடியில் டாட் 3 என்று இருப்பதால் அதையே ஊற்றலாம். வண்டியின் கையேடு அனுமதித்தால், மலைப்பயணம் அதிகமுள்ள உங்களுக்கு டாட் 4 நல்ல தேர்வு. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டுகூட அந்த டப்பாவில் விழக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

பேடுக்கு வருகிறேன். கடைக்காரரிடம் வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே காலிப்பரும் டிஸ்க் அளவும் இடையில் மாறியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்குரிய பாக எண்ணைக் கேட்டு, பெட்டியின் மேலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கழற்றிய பழைய பேடை எடுத்துச் சென்று புதியதன் மேல் வைத்துப் பாருங்கள்: பின்தகட்டின் வடிவம், இருபுறக் காதுகள், தேய்மானத்தை அறிவிக்கும் தகட்டின் இடம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பாதி விலைப் பேடைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை பெட்டியில் இல்லையென்றால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். உற்பத்தியாளர் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெயர் பெற்ற பிரேக் நிறுவனங்களின் பேடும் தரமானதே. பேடின் விளிம்பிலோ பின்தகட்டிலோ எஃப் எஃப், ஜி ஜி என்பதுபோல் இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தால், முதலாவது சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது மிகு சூட்டிலும் உள்ள உராய்வளவைக் குறிக்கும். இரண்டாம் எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருக்கும் பேட், மலை இறக்கத்தில் ஓட்டும் உங்களுக்கு வேண்டாம்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெடல் சோதனையைச் செய்தேன், அது இறங்கவில்லை. இன்று வேறொரு பணிமனையில் சக்கரங்களைக் கழற்றினார்கள். ஆயில் கரும்பழுப்பாக இருந்தது. இடது முன்சக்கரத்தில் இரு பேடுகளும் ஒரே அளவில் தேய்ந்துள்ளன. வலது முன்சக்கரத்தில் உட்புறப் பேட் தகட்டை ஒட்டும் அளவுக்கு மெலிந்தும், வெளிப்புறப் பேட் தடிப்பாகவும் இருந்தன. இது எதைக் காட்டுகிறது? டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா? பின் ஷூக்களையும் இப்போதே மாற்றிவிடலாமா?

ஸ்பேனர் (ஈரோடு):

நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், வயது தெரியாத ஆயிலை மாற்றுவதில் இரண்டாவது எண்ணமே வேண்டாம். வலப்பக்கத்தில் காலிப்பரின் சறுக்கு பின்கள் இறுகியிருக்கின்றன. காலிப்பர் இந்தப் பின்களின் மேல் தாராளமாக நகர்ந்தால்தான் வெளிப்புறப் பேடும் தன் பங்கு வேலையைச் செய்யும். இறுகினால் முழுச் சுமையும் உட்புறப் பேடின் மேல் விழுந்து, காலை எடுத்த பின்னும் அது டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரத்தில் ஆயில் முதலில் கொதித்ததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பின்களைக் கழற்றித் துடைத்து, துரு அரித்திருந்தால் மாற்றி, ரப்பர் உறைகளைப் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸைத் தடவச் சொல்லுங்கள். பேரிங் கிரீஸைத் தடவினால் உறை ஊதிச் சில மாதங்களிலேயே பின் மீண்டும் இறுகிவிடும். பிஸ்டன் தடையின்றி உள்ளே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பேடை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பேடும் இதே வழியில் போயிருக்கும்.

பேடுகளை முன்சக்கரங்கள் இரண்டிலும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கின்போது ஒருபக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் மையப் பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, எங்கேனும் அதற்குக் கீழே இருந்தால் இரு பக்க டிஸ்க்குகளையும் மாற்றுங்கள். கூடுதலாக இருந்து, வெடிப்போ ஆழமான வரியோ இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். புதுப் பேடு போட்டபின் போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பல முறை குறைத்து, இடையிடையே ஆற விட்டு ஓட்டுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மலைப்பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

பின் ஷூவைத் தேவை தெரியாமல் மாற்ற வேண்டியதில்லை. டிரம்மைக் கழற்றி, ஷூவின் தடிமனையும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையையும் பாருங்கள். உறையை மெல்ல விலக்கும்போது உள்ளே ஆயில் ஈரம் தென்பட்டால் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, இரு பக்கமும் புதிதாகப் போட வேண்டும். ஈரம் இல்லாமல் ஷூவும் தடிப்பாக இருந்தால் தூசியை ஈரத்துணியால் துடைத்து மூடிவிடச் சொல்லுங்கள். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.