இருபது மாசக் குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால்: நிறுத்தணுமா?

குடந்தைமகள்:
என் பொண்ணுக்கு இருபது மாசம் முடிஞ்சிருச்சு. இன்னும் பால் குடிக்கிறா. பகல்ல நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிடுவேன். சாயங்காலம் வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஓடி வந்து முந்தானையைப் பிடிச்சு இழுப்பா. ராத்திரி மூணு நாலு தடவை எழுந்துக்குவா. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததுல ஹீமோகுளோபின் 9.2. எடை 9.4 கிலோ. "உன் பாலைக் குடிச்சுதான் சோறு இறங்கல. இனிமே அதுல என்ன இருக்கு, வெறும் தண்ணி. வேப்பெண்ணெயைத் தடவு, ரெண்டு நாள்ல மறந்துடுவா. அதுக்குப் பதிலா பசும்பாலைக் கூட்டிக் குடுக்கலாம்"னு அத்தை சொல்றாங்க. பேத்தி மேல உள்ள பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா எனக்கு மனசு வரல. வளர்த்து அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சேலம்வாசி:
உங்க அத்தை சொல்றதை ஒதுக்கிடாதீங்க. நான் என் பையனுக்கு ரெண்டேகால் வயசு வரைக்கும் குடுத்தேன். ராத்திரி முழுக்க வாயிலேயே வச்சுக்கிட்டுத் தூங்குவான். மேல் முன்பல்லு நாலும் பழுப்பேறி, ஓரம் உதிர ஆரம்பிச்சது. சோத்தைக் கண்டா முகத்தைத் திருப்பிக்குவான். நிறுத்தின ஒரே மாசத்துல ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒரு வருஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கலாமேன்னு இன்னைக்கும் வருத்தப்படுறேன். இன்னொண்ணு, உங்க ரத்த அளவு என்னன்னு பார்த்தீங்களா? ராத்திரி நாலு தடவை எழுந்து, காலைல போய் நாள் முழுக்க நின்னு வேலை பாக்குற பொம்பளை நீங்க. உங்க உடம்பைப் பத்தி ஒரு வரிகூட எழுதல.

கொங்குத்தகப்பன்:
ஒரு வயசு வரைக்கும் பால் உணவு, அதுக்கு மேல பழக்கம். எங்க வீட்டுல பதிமூணாவது மாசத்துலயே நிறுத்தினோம். பொண்ணு நல்லா இருக்கா. சட்டத்தையே பாருங்க. 2017 திருத்தத்துல பிரசவ விடுப்பை 26 வாரமா உயர்த்தினாங்க. ஆனா வேலை இடத்துல பாலூட்ட இடைவேளை குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும்தான். அதுக்கு மேல தேவைன்னா குடுத்திருக்க மாட்டாங்களா?

ஓய்வுபெற்ற செவிலி:
கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடம் வீடு வீடாகப் போனவள் நான். அந்த இடைவேளை வேலை நேரத்துக்கான சட்டம், குழந்தையின் வயிற்றுக்கு வைத்த எல்லை அல்ல. பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வயது வரைக்குமான உணவுகளுக்குப் பொருந்தும். இதுவும் நம் நாட்டுச் சட்டம்தான். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதத்திலிருந்து இணை உணவோடு சேர்த்து இரண்டு வயது வரை, அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கு தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். அதைத் தண்ணீர் என்று சொல்லக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

எடை குறைவுதான் என்றாலும் வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டுக்குள்தான் வரும். இரத்த அளவுதான் கவலை. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். பசும்பாலிலும் அப்படியே. இதை நிறுத்தி அதைக் கொடுத்தால் இரத்தம் ஏறாது.

சேலம்வாசி:
நீங்களே இரும்பு இல்லைன்னு சொல்றீங்க. அந்தப் பாலைக் குடிச்சு வயிறு நிறைஞ்சிட்டா இரும்பு இருக்குற சாப்பாட்டுக்கு எங்க இடம்? என் பையனுக்கு அதுதானே நடந்தது?

ஓய்வுபெற்ற செவிலி:
நியாயமான கேள்வி. ஆனால் குடந்தைமகள், நீங்கள் காலையில் போனால் மாலையில்தான் வருகிறீர்கள். அந்தப் பத்து மணி நேரம் குழந்தை உங்கள் பாலே குடிப்பதில்லை. பிறகு ஏன் மதியச் சோறு இறங்கவில்லை? பகலில் அவளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று காலை முதல் வரிசையாக எழுதுங்கள்.

குடந்தைமகள்:
காலைல எட்டு மணிக்கு பசும்பால் ஒரு டம்ளர். பதினொரு மணிக்கு டீயில பிஸ்கட் நனைச்சு. மதியம் ரசஞ்சாதம் நாலு வாய். மூணு மணிக்குத் திரும்பவும் பால். நான் வர்றதுக்குள்ள இன்னொரு டம்ளர். எழுதும்போதுதான் எனக்கே உறைக்குது.

ஓய்வுபெற்ற செவிலி:
மூன்று டம்ளர் என்றால் அரை லிட்டர் தாண்டும். பசியை அடைத்தது அதுதான். டீ, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. டீயை அடியோடு நிறுத்துங்கள், பசும்பாலை ஒரு டம்ளராக்குங்கள். மதியம் முருங்கைக்கீரை அல்லது பருப்பு மசித்த சோறு, ஒரு முட்டை, அசைவம் உண்டென்றால் ஈரல். எலுமிச்சை இரண்டு சொட்டு பிழிந்துவிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்குகிறீர்களா? வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் தடுப்புக்கானது. 9.2 இருக்கும் குழந்தைக்கு அது போதாது, மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்லட்டும். வயிற்றுப் பூச்சி மருந்தையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் சோறு, பிறகு மடி.

கீழக்கரைஉம்மா:
எங்க வேதத்துல முழுசா ரெண்டு வருஷம் பாலூட்டலாம்னு இருக்கு. அதே வசனத்துல, முன்னாடியே பால்குடி மறக்கவைக்க விரும்பினா தாயும் தகப்பனும் கலந்து பேசி, ரெண்டு பேரும் சம்மதிச்சு செஞ்சா குத்தமில்லைன்னும் இருக்கு. உங்க பதிவுல அத்தை பேச்சு வருது, உங்க மனசு வருது. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார் தங்கச்சி?

காரைக்குடிஆச்சி:
அடுத்த பிள்ளை உண்டாகி, பால் கிடைக்காமப் போன குழந்தையைத்தான் நாங்க சவலைன்னு சொல்லுவோம். குடிக்கிற பிள்ளையைச் சொல்றதில்லை. நான் என் மூத்தவனுக்கு வேப்பிலை அரைச்சுத் தடவித்தான் மறக்கடிச்சேன். வாயை வச்சவன் கசந்துபோய் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஒரு வாரம் என்கிட்ட படுக்க வரல, எங்க அம்மாகிட்டதான் படுத்தான். எனக்குப் பால் கட்டி, காய்ச்சல் வந்து, மல்லிகைப்பூவை வச்சுக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். அம்பது வருஷம் ஆகப்போகுது, அந்தப் பார்வை இன்னும் மறக்கல. நிறுத்தினாலும் ஒவ்வொரு வேளையா நிறுத்து ஆத்தா.

சேலம்வாசி:
பசும்பால் விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன். என் பையனுக்கும் பாட்டில்ல பால் போச்சு, அதை நான் கணக்குலயே எடுக்கல. ஆனா ராத்திரிப் பால் விஷயத்துல மாற மாட்டேன். அந்தப் பல்லை நான் கண்ணால பார்த்தவ.

ஓய்வுபெற்ற செவிலி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். பல் முளைத்த பிறகு இரவெல்லாம் வாயில் வைத்துத் தூங்கவிடக் கூடாது. படுக்கும் முன் ஒரு தடவை கொடுத்து, பல்லைத் தேய்த்துவிட்டுத் தூங்க வையுங்கள். நடு இரவில் எழுந்தால் தண்ணீர்.

கொங்குத்தகப்பன்:
ராத்திரி விஷயத்துல என் அனுபவம் உதவும். தாய் பக்கத்துல இருந்தா பிள்ளைக்கு வாசனை தெரியும், விடாது. நான்தான் நடுவுல படுத்தேன். முதல் மூணு நாள் அழுகை, தோள்ல போட்டு நடந்தேன். ஆறாவது நாள் முழு ராத்திரியும் தூங்குனா. பகல்ல குடுக்குறதா வேணாமாங்கிறதை நீங்களே முடிவு பண்ணுங்க, நான் இனி சட்டம் பேசல.

குடந்தைமகள்:
அவர்கிட்ட இந்தப் பக்கத்தை அப்படியே படிக்கக் குடுத்தேன். அத்தை டீ குடுக்குறது அவருக்கும் தெரியாதாம். ஞாயித்துக்கிழமை அவரே அத்தைகிட்ட பேசுறேன்னார், நான் பேசினா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். எனக்கும் ரத்தம் பார்க்கச் சீட்டு வாங்கியாச்சு. ராத்திரி இன்னைக்கு அவர்தான் நடுவுல படுக்கிறார். சாயங்காலம் வாசல்ல நடக்குற அந்த ஓட்டத்தை மட்டும் நான் நிறுத்தப் போறதில்ல. இன்னைக்கு முருங்கைக்கீரைச் சோறு ஏழு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம்தான் மடிக்கு வந்தா.