மாமனாருக்கு ஹன்டிங்டன் நோய்: பிள்ளைகளுக்கு இப்போதே மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

என் மாமனாருக்கு 52 வயதில் ஹன்டிங்டன் நோய் என்னும் பரம்பரை மூளை நோய் இருப்பது உறுதியானது. இப்போது அவருக்கு 61 வயது. கைகளும் தோள்களும் அவர் கட்டுப்பாட்டில் இல்லாமல் துள்ளிக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர்த் தம்ளரை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டுதான் குடிக்கிறார். என் கணவருக்கு 36 வயது. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி, அவர் பரிசோதனை செய்துகொள்ள மறுத்துவிட்டார். அது அவருடைய முடிவு என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6 வயது. மகள் சென்ற மாதம் இரண்டு முறை படியில் தடுக்கி விழுந்தாள். இரண்டு முறையும் மாமனாரின் நடைதான் என் கண்முன் வந்து நின்றது. அன்றிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. கணவரை வற்புறுத்தாமல் பிள்ளைகளுக்கு மட்டும் பரிசோதனை செய்துவிட முடியுமா? பெற்ற தாய்க்கு அதை அறிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

பதில்: மரபணு ஆலோசகர்

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, மகள் தடுக்கி விழுவது. ஹன்டிங்டன் நோய் அரிதாக 20 வயதுக்கு முன்பே தொடங்குவதுண்டு. தந்தை வழியாக வரும்போது அதற்கான வாய்ப்பு கூடுதல். ஆனால் அது படியில் இரண்டு முறை விழுவதாக மட்டும் வெளிப்படுவதில்லை. உடல் விறைப்பு, படிப்பிலும் நடத்தையிலும் தொடர்ந்து தெரியும் பின்னடைவு, சிலருக்கு வலிப்பு என்று வரும். ஐயம் இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அறிகுறி உள்ள குழந்தைக்கு நோயைக் கண்டறியச் செய்யும் பரிசோதனை வேறு, நலமாக இருக்கும் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கச் செய்யும் பரிசோதனை வேறு.

இரண்டாவது, அந்தக் கணிப்புப் பரிசோதனை. இந்நோய்க்குக் காரணமான மரபணு 4ஆம் குரோமோசோமில் இருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. அதில் சிஏஜி என்னும் மூன்றெழுத்து டிஎன்ஏ தொடர் 40 முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். 26 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வராது. இடைப்பட்ட எண்களுக்கு விளக்கம் எளிதன்று. உங்கள் கணவருக்கு அந்த மாற்றம் வந்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. அவர் நிலை தெரியாத வரையில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடு. இப்போது இதை நினைத்துப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு மாற்றம் இருப்பதாக முடிவு வந்தால், அது தந்தையிடமிருந்துதான் வந்திருக்கும். அவர் அறிய விரும்பாததை அவர் பிள்ளையின் ரத்தத்தைக் கொண்டு அறிவித்துவிடுவீர்கள். கணவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு பரிசோதனை உண்மையில் கிடையாது.

நோய் தொடங்குவதைத் தள்ளிப்போடும் மருந்து இன்றைக்கு இல்லை. 9 வயதில் தெரிந்தாலும் 29 வயதில் தெரிந்தாலும் மருத்துவத்தில் செய்யக்கூடியது ஒன்றேதான். அதனால்தான் குழந்தைப் பருவத்தில் சிகிச்சையால் பயன் இல்லாத, வயது வந்த பின்னரே வெளிப்படும் நோய்களுக்கு நலமாக உள்ள சிறுவர்களைப் பரிசோதிக்க வேண்டாம் என்று மருத்துவ மரபியல் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. இந்நோய்க்கான வாய்ப்புள்ள பெரியவர்களில் பெரும்பாலானோர் தாமாகவே பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளும் பெரியவளாகி அப்படி முடிவெடுக்கக்கூடும்; இன்று பரிசோதித்தால் அந்த வாய்ப்பு அவளுக்கு இல்லாமலே போய்விடும்.

பதில்: குடல் பாலிப் நோயுள்ள ஒரு தந்தை

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் வேறு பெற்றோர், சிறு பிள்ளைகளுக்கு மரபணுப் பரிசோதனையே கூடாது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு எஃப்ஏபி என்னும் பரம்பரைக் குடல் பாலிப் நோய் உண்டு. ஏபிசி என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப்புகள், அதாவது குடலின் உட்சுவரில் சிறு கட்டிகள், வளரும். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் 40 வயதை ஒட்டிப் புற்றுநோயாகிவிடும். என் பெருங்குடல் 24 வயதில் அகற்றப்பட்டது. பாலிப்புகள் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கக்கூடும் என்பதால் 10 முதல் 12 வயதுக்குள், குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்றார்கள். முதலில் என் ரத்தத்தில் எந்த மாற்றம் என்று உறுதிசெய்து, பிறகு அதே மாற்றத்தை மட்டும் பிள்ளைகளிடம் தேடினார்கள். மகனுக்கு இருந்தது, மகளுக்கு இல்லை.

மகனுக்கு 12 வயது. ஆண்டுக்கு ஒரு முறை, முந்தின நாள் மாலையில் அந்தப் பெரிய குவளைப் பேதிமருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கிறான். பரிசோதனை செய்திராவிட்டால் மகளும் காரணமே இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் அதைக் குடித்திருப்பாள். ஆனால் தனக்கு இல்லை என்று தெரிந்த அன்று அவள் மகிழவில்லை. அண்ணனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு இரவெல்லாம் அழுதாள். இல்லை என்ற முடிவும் ஒரு பிள்ளையை இப்படி அழவைக்கும் என்று எங்களிடம் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பதில்: மரபணு ஆலோசகர்

ஐயா எழுதியது முற்றிலும் சரி. விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா புற்றுநோய் உள்ள குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு மரபணு மாற்றம் இல்லை என்று தெரிந்தால், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் கண் பரிசோதனைகள் அத்தனையும் தவிர்க்கப்படுகின்றன. மாறாக, பிஆர்சிஏ1 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வரும் மார்பகப் புற்றுநோய்க்கான கண்காணிப்பே ஏறத்தாழ 25 வயதில்தான் தொடங்குகிறது. சிறுமியிடம் அதைத் தேடுவதால் அவளுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: முடிவு வந்த மறுநாள் குழந்தைக்காக எதை மாற்றிச் செய்வீர்கள்?

இன்னொன்று. வீட்டுக்கே வரவழைத்து உமிழ்நீர் அனுப்பும் பெட்டிகளை இதற்காக நாட வேண்டாம். அவற்றில் வழக்கமாகப் பயன்படும் சில்லு முறை மரபணுவில் குறிப்பிட்ட இடங்களில் உள்ள எழுத்துகளைப் படிக்குமே தவிர, சிஏஜி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லாது.

பதில்: ஹன்டிங்டன் குடும்பத்தில் வளர்ந்த பெண்

சகோதரி, உங்கள் பிள்ளைகளின் இடத்தில் வளர்ந்தவள் நான். என் தந்தைக்கு இந்த நோய். எனக்கு இப்போது 31 வயது.

உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் என் தாயாரின் பார்வையைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பரிசோதனை எதுவும் நடக்காத அந்த வயதிலேயே, என் கையிலிருந்து பேனா நழுவினால் அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு என் விரல்களைப் பார்ப்பார். ஒரு விநாடிதான், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் மேசை மீது பொருள்களை மெதுவாக, ஓசை வராமல் வைக்கப் பழகியது அதனால்தான். முடிவு ஒரு தாளில் எழுதப்பட்டு அவர் கையில் இருந்திருந்தால் அந்த ஒரு விநாடி எவ்வளவு நீண்டிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

27 வயதில், ஆலோசகரோடு மூன்று முறை அமர்ந்து பேசிய பிறகு, நானே பரிசோதனை செய்துகொண்டேன். என் தம்பி செய்துகொள்ளவில்லை; செய்துகொள்ளப் போவதும் இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்த நாங்கள் இருவரும் வெவ்வேறு முடிவெடுக்க முடிந்தது. என் பரிசோதனையின் முடிவை இங்கே எழுத மாட்டேன். அதை யாரிடம், எப்போது சொல்வது என்பது இன்றளவும் என் கையில் இருக்கிறது.

கேள்வி கேட்ட தாய்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் மகளைப் பார்த்தார்; நரம்பில் எந்தக் குறையும் இல்லை, கிட்டப்பார்வைதான், கண்ணாடி போட வேண்டும் என்றார். நீங்கள் எழுதியவற்றைக் கணவரிடம் காட்டினேன். பரிசோதனைக்காக அல்லாமல், பேசுவதற்காக மட்டும் ஓர் ஆலோசகரை இருவருமாகச் சந்திக்கச் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகளின் பரிசோதனையைப் பற்றி இனி நான் பேசப்போவதில்லை. ஆனால் தாத்தாவின் கை ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: ஹன்டிங்டன் குடும்பத்தில் வளர்ந்த பெண்

தாத்தாவின் மூளையில் ஒரு நோய் இருக்கிறது, கை அவர் சொல்வதைக் கேட்பதில்லை, அவர் திடீரென்று கோபப்படுவதும் அந்த நோயால்தான், உன் மீது வெறுப்பு இல்லை என்று சொல்லுங்கள். இப்போதைக்கு அது போதும். சில ஆண்டுகள் கழித்து, இது எனக்கும் வருமா என்று அவளே கேட்பாள். நான் 14 வயதில் கேட்டேன். வராது என்று சொல்லிவிடாதீர்கள். தெரியாது, பெரியவளான பின் விரும்பினால் நீயே தெரிந்துகொள்ளலாம், அன்று நானும் கூட வருவேன் என்றார் என் தாயார். 13 ஆண்டுகள் கழித்து, சொன்னபடியே வந்து அறைக்கு வெளியே அமர்ந்திருந்தார்.