பழைய மார்ட்டின் டி-28: விலை உள்ளே இருக்கிறது

அமெரிக்க மார்ட்டின் கம்பெனியின் டி-28 கிட்டார், அதுவும் பழையது, கைக்கு வந்தால் முதலில் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுங்கள். முகப்பில் உள்ள வட்டத் துளையான சவுண்ட்ஹோல் வழியாக விட்டு, மேல்பலகையைத் தாங்கும் எக்ஸ் கட்டைகளைப் பாருங்கள். 1944 இறுதிவரை அவற்றைப் பள்ளம் விழச் செதுக்குவார்கள். தடித்த கம்பி மாட்டி மாட்டிப் பலகை உப்பவே, பிறகு செதுக்குவதை நிறுத்திவிட்டார்கள். முதுகும் பக்கமும் 1969 வரை பிரேசில் ரோஸ்வுட். அப்புறம் இந்திய ரோஸ்வுட், நம்ம ஈட்டிதான். ஓசையில் ஈட்டி சளைத்ததில்லை, விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும்.

*

கண்ணாடி உள்ளே இருக்கும்போதே பிரிட்ஜுக்கு, அதாவது மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டைக்கு, அடியில் ஒட்டிய மரத் தகட்டையும் பாருங்கள். கம்பியின் உருண்டை முனை அங்கே மரத்தைத் தின்றிருக்கும். அந்தத் துளைகளை அடைத்துத் திரும்பத் துளைத்தால் போதும், தகட்டையே பிடுங்கத் தேவையில்லை.

அடுத்து நெக், விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து. அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் மேல் நேரான ஸ்கேல் வையுங்கள். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். பிரிட்ஜின் முன்பக்கத்தில் இடித்தால் நெக் முன்னே சாய்ந்துவிட்டது. கம்பிகளின் எழுபது, எண்பது கிலோ இழுவையைப் பல பத்தாண்டு தாங்கினால் சாயாமல் என்ன செய்யும்? 1985க்கு முந்தைய மார்ட்டினில் நெக்குக்குள் திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டும் கிடையாது. இருந்திருந்தாலும் அது வளைவுக்குத்தான், சாய்வுக்கு அல்ல. சாய்வைச் சரிசெய்ய 15வது ஃப்ரெட்டைக் கழற்றி, அடியில் துளையிட்டு, நெக்கை உடலோடு பூட்டும் டவ்டெயில் மூட்டுக்குள் நீராவி விட்டு, வஜ்ஜிரப் பசையை இளக்கி நெக்கைக் கழற்ற வேண்டும். ஆவி அதிகமானால் மேல்பூச்சான லேக்கர் வெளுத்துப் பால் பூத்துவிடும். நெக் உடலோடு சேரும் அடிப்பகுதியான ஹீலில் சீவுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதற்குச் சோம்பி, கம்பியைத் தாழ்த்த பிரிட்ஜையே இழைத்துத் தள்ளியவர்கள் உண்டு. பிரிட்ஜ் மெலிந்திருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

*

ஒன்று விட்டுப்போச்சு. மேல்பலகையில் கீறல் விழாமல் காக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டை, பாலிஷ் அடிக்காத வெறும் மரத்தின் மேலேயே ஒட்டிய காலத்துக் கிட்டார்களில் அது சுருங்கி மேல்பலகையை விரிசல் விட வைக்கும். பிரிட்ஜுக்கும் சவுண்ட்ஹோலுக்கும் நடுவே ஓடும் கீறல் அதுதான். அடியில் சின்ன ஸ்புரூஸ் துண்டுகள் வைத்து ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது புதுப் பாலிஷுக்கு. தாத்தா வாசித்த கிட்டாரைப் பளபளவென்று ஆக்கிக் கொடுக்கிறேன் என்று உரசித் தேய்த்து லேக்கர் அடித்தால், விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். முதல் மூன்று ஃப்ரெட்டுக்கு நடுவே விரல்நகம் பறித்த பள்ளம், முழங்கை படிந்து மங்கிய ஓரம், பெல்ட் பக்கிள் கீறிய முதுகு, இதையெல்லாம் அந்தக் குடும்பம் மறுபடி எங்கே போய் வாங்கும்?

பிரேசில் ரோஸ்வுட் என்றால் நாடு விட்டு நாடு கொண்டுபோகும் முன் அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் அனுமதி எடுங்கள். 1992 முதல் கட்டுப்பாடு கடுமை. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், வஜ்ஜிரம் இளகி பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.